சனிக்கிழமை வாங்கிய ஆல்டர்னேட்டர்

குச்சனூர்
3.11.2025, திங்கள்

கயல் அப்பாவுக்கு,

காலையில் நீங்கள் கிளம்பும்போது நான் வாசலுக்கு வரவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமும்தான். ஆனால் வந்திருந்தால் கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு தெருவிலேயே கத்தியிருப்பேன். அத்தைக்கு மானம் போகுமே என்று அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

இனிமேல் மலைமேல் நீங்கள் கணக்கெழுதுகிற எஸ்டேட் ஸ்டோர் போனுக்கு நான் பேசப் போவதில்லை. உங்கள் செல்லுக்கு அங்கே டவர் கிடையாது. ஸ்டோர் போனில் பேசினால் ஏலக்காய் எடை போட நிற்கிற அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். நீங்களும் ஹேஹே என்று சிரித்து மழுப்பிவிட்டு வைத்துவிடுவீர்கள். கல்யாணம் ஆனதிலிருந்து இதே கதைதான். அதனால் எழுதுகிறேன். சின்னக்கருப்பு அண்ணன் விடியக்காலையில் நம் தெருவில் ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் மேலே வரும்போது இதைக் கொடுப்பார். நீங்களும் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும். எழுத்தில் பொய் கூடாது. அது ஒன்றுதான் என் நிபந்தனை.

நேற்று கம்பம்மெட்டு ரோட்டில் நடந்ததைச் சின்ன விஷயம் என்று அத்தையிடம் சொன்னீர்கள். நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டுச் சொல்லுங்கள். மலையிலிருந்து வண்டி இறங்கத் தொடங்கும்போதே பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. என்னது என்று கேட்டேன். "அது சும்மா எரியும்த்தா" என்றீர்கள். அடுத்த வளைவிலேயே முன்விளக்கு மஞ்சளாகிவிட்டது. வைப்பர் கண்ணாடி நடுவில் படுத்துக்கொண்டது. அதற்கடுத்த வளைவில் வெள்ளச்சி மூச்சை நிறுத்திவிட்டாள். நம் வெள்ளைக் காருக்கு நீங்கள் ஆசையாக வைத்த பேரை இனிமேல் என்னால் ஆசையாகச் சொல்ல முடியாது.

சுற்றிலும் பனி. லைட் இல்லை, ஹாரன்கூட இல்லை. பின்னாலிருந்து லாரி வரும் சத்தம் கேட்டது. நான் கயலின் தலையை என் மடியில் அமுக்கி அவள்மேல் கவிழ்ந்துகொண்டேன். லாரி நம் டிக்கியை ஒட்டி வந்து நின்றது. "ஏலே, சாகணும்னா வேற எடம் கெடைக்கலையாலே?" என்று அந்த டிரைவர் கத்தினான். நீங்கள் இறங்கிப் போய் அவனிடமும் சிரித்து, கீழே வரைக்கும் கட்டி இழுத்துவிடச் சொன்னீர்கள். கயலின் கவுன் நனைந்திருந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை!

என் அண்ணன் ஈஸ்வரபாண்டி எப்படிச் செத்தான் என்று உங்களுக்குத் தெரியாதா? அதே மெட்டு. பேட்டரி செத்து, லைட் இல்லாமல் நின்றது அவன் ஓட்டின லாரி. என்னவென்று பார்க்க இறங்கி நின்றவனைத்தான் பின்னால் வந்த வண்டி அடித்தது. இன்றைக்கும் எங்கம்மா வருஷம் தவறாமல் அந்த வளைவில் போய்ச் சூடம் ஏற்றி வைத்துவிட்டு வருகிறாள். அந்த நெருப்பைப் பார்த்தால் எந்த லாரிக்காரனும் மெதுவாகத்தான் போவான். நேற்று நம் கார் நின்றபோது எனக்கு அந்தச் சூடம்தான் கண்ணில் தெரிந்தது. நமக்கு யார் ஏற்றப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கெட்டுப்போன சாமானை மாற்றுங்கள். மாற்றாமல் அந்தக் காரில் வீட்டுக்கு வராதீர்கள்.

ஹேமாவதி

*

எஸ்டேட் ஸ்டோர்
4.11.2025, செவ்வாய்

பயந்தாங்கொள்ளி ராணி ஹேமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சின்னக்கருப்பு மாமா அதை ஏதோ கோர்ட் நோட்டீஸ் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார். "என்ன மாப்ள, வீட்ல ரொம்பச் சூடோ?" என்று வேறு கேட்டார். காய் பறிக்க வந்த பெண்கள் சிரித்த சிரிப்பு ஸ்டோர் தகரத்தில் மோதித் திரும்பியது. போனே மேல் ஆத்தா.

ராத்திரி சார்ஜ் ஏற்றின பேட்டரியோடு நேற்று மேலே வரும் வழியில் கம்பத்தில் நிறுத்தி, வண்டிக் கரண்ட் வேலை பார்க்கிற அஜய்குமாரிடம் காட்டினேன். ஆல்டர்னேட்டர் போய்விட்டதாம். உனக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். என்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரித்து பேட்டரிக்குச் சோறு ஊட்டுகிற சாமான் அது. நம்முடையது ஊட்டுவதை நிறுத்திவிட்டது. பேட்டரி பட்டினி கிடந்து செத்தது. அவ்வளவுதான், இதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை.

புதுசு போட்டால் கூலியோடு எட்டாயிரத்துச் சொச்சம். பழசைச் சரிபண்ணி விற்கிறார்களே, அது போட்டால் பாதி. உள்ளே தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மட்டும் மாற்றினால் அறுநூறு. வெள்ளச்சிக்கு வயசு இருபதைத் தாண்டிவிட்டது. இன்றைக்கு விற்றால் முப்பதாயிரம் தேறினால் அதிர்ஷ்டம். அந்தக் கிழவிக்கு எட்டாயிரத்தில் ஒட்டியாணம் எதற்கு என்று பிரஷ்ஷை மட்டும் மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டார். மேலே வருகிற வரைக்கும் சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

எழுத்தில் பொய் கூடாது என்றாயே. சரி. ஒரே ஒரு தடவை எரிந்தது. ஸ்டோர் வாசலில், நிறுத்துவதற்குச் சற்று முன்னால்.

கயலிடம் அப்பா மொச்சைக்கொட்டை அளவுக்குப் பெரிய ஏலக்காய் கொண்டுவருவேன் என்று சொல். நீ ஒழுங்காகச் சாப்பிடு. பயந்தால் பசிக்காது என்று நீயாக முடிவு பண்ணிக்கொள்ளாதே.

சுரேஷ்கண்ணன்

*

குச்சனூர்
6.11.2025, வியாழன்

கயல் அப்பாவுக்கு,

ஒரு தடவை எரிந்ததாம்! அதை எழுதுவதற்கு உங்களுக்கு வெட்கமாக இல்லையா? ஆனாலும் மறைக்காமல் எழுதினீர்களே, அதுவரைக்கும் நிம்மதி.

இந்தத் தூக்குச்சட்டியின் அடித்தட்டில், பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பணம் வைத்திருக்கிறேன். தைத்த கூலியில் ஓவர்லாக் மெஷின் வாங்கச் சேர்த்தது. பேசாமல் எடுங்கள். துணி ஓரத்தைக் கையாலேயே அடித்துக்கொள்வேன், எனக்கு ஒன்றும் கை நோகாது. புதுசுதான் வாங்க வேண்டும். கம்பத்தில் வேண்டாம், தேனியில் பெரிய கடையாகப் பார்த்து வாங்குங்கள். பிரஷ் மாற்றியது, பழசைத் துடைத்தது என்று கதை சொன்னீர்கள் என்றால் நான் அந்தக் காரின் நிழலைக்கூட மிதிக்க மாட்டேன்.

உங்களுக்குக் கும்ப ராசி. ஏழரைச் சனி நடக்கிறது என்றால் சிரிப்பீர்கள். சனீஸ்வரர் கோயில் நிழல் விழுகிற தெருவில் குடியிருந்துகொண்டு நான் சிரிக்க முடியாது. எங்கெங்கிருந்தோ வண்டி பிடித்து வந்து இங்கே எள்ளு தீபம் போடுகிற கூட்டத்தை வாராவாரம் பார்க்கிறேன். ஒவ்வொரு முகத்திலும் ஒரு பயம் இருக்கிறது. அவர்கள் எல்லாரும் முட்டாள்களா?

தூக்குக்குப் பக்கத்தில் சூடம் பாக்கெட் ஒன்றும் தீப்பெட்டியும் வைத்திருக்கிறேன். காரின் டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். மெட்டு ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு கட்டி ஏற்றிவிட்டு வண்டியை எடுங்கள். இந்த ஒன்றிலாவது சிரிக்காதீர்கள்.

ராத்திரி கயல் தூக்கத்தில் "லாரி, லாரி" என்கிறாள். நான் முழித்துத்தான் கிடக்கிறேன்.

ஹேமாவதி

*

எஸ்டேட் ஸ்டோர்
9.11.2025, ஞாயிறு

என் அருமை ஹேமாவுக்கு,

வெற்றி! மேனேஜர் சாரிடம் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் லீவு வாங்கினேன். "எந்தா சுரேஷே, பாரியோட உத்தரவாணோ?" என்று அவரும் கிண்டல் பண்ணினார். ஆமாம் சாரே, பெண்டாட்டி உத்தரவுதான் என்றேன். நேராகத் தேனி. பங்களாமேட்டுப் பக்கம் வைகுண்டராஜ் அண்ணாச்சி கடை. புத்தம் புது ஆல்டர்னேட்டர், டப்பா பிரித்த வாசனையோடு. கடை மெக்கானிக்கே மாட்டிக் கொடுத்துவிட்டார். கூடவே பெல்ட்டும் புதுசு. ஹெட்லைட்டைப் போட்டதும் எதிர்க்கடைக்காரர் கண்ணைப் பொத்திக்கொண்டார். அப்படி ஒரு வெளிச்சம்.

குச்சனூர் வந்து உன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகத்தான் ஆசை. சின்னமனூரில் பிரிகிற இடத்தில் ஸ்டியரிங் தானாகத் திரும்பப் பார்த்தது. ஸ்டோரில் காய் உலர்த்தப் போட்டிருந்தார்கள், பொழுது சாய்வதற்குள் வந்தாக வேண்டும் என்று சொல்லித்தான் விட்டார்கள். அதனால் நேராக மேலே வந்துவிட்டேன். சிவப்பு விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை. இது எழுத்து, பொய் இல்லை.

இது உன் மெஷின் பணத்தில் வாங்கியது, மறக்க மாட்டேன். எப்படியாவது தை மாசத்துக்குள் அந்த மெஷினை வாங்கித் தந்துவிடுவேன். கணக்குக் கேட்பாய் என்று பில்லையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். சூடமும் ஏற்றினேன். சிரிக்கவில்லை. லேசாகத்தான்.

இனிமேலாவது தூங்கு.

சுரேஷ்கண்ணன்

*

குச்சனூர்
10.11.2025, திங்கள்

கயல் அப்பாவுக்கு,

பில்லில் தேதி 8.11.2025 என்று இருக்கிறது. அன்றைக்குச் சனிக்கிழமை.

சனிக்கிழமை இரும்பு வாங்கினீர்களா? ஏழரைச் சனி நடக்கிறவர், குச்சனூரில் குடியிருக்கிறவர், சனிக்கிழமை போய் இரும்புச் சாமான் வாங்கி, அதைக் காருக்குள்ளேயே மாட்டிக்கொண்டு மெட்டு ஏறியிருக்கிறீர்கள். பில்லைப் பார்த்த நிமிஷத்திலிருந்து கை நடுங்குகிறது. இந்த எழுத்தைப் பாருங்கள், என் எழுத்து மாதிரியா இருக்கிறது?

தப்பு என்மேல்தான். வியாழக்கிழமை பணம் கொடுத்தனுப்பினேனே, சனிக்கிழமை வாங்கிவிடாதீர்கள் என்று ஒரு வரி எழுதினேனா? எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இதைப் போய் எழுதுவார்களா என்று இருந்துவிட்டேன்.

இதுவரை உங்களிடம் சொல்லாததைச் சொல்கிறேன். அண்ணன் அந்த லாரிக்குப் பேட்டரி வாங்கியது ஒரு சனிக்கிழமை. அவசரமான லோடு என்றான். "நாளைக்கு வாங்குடா" என்று அம்மா காலில் விழாத குறை. அடுத்த வாரம் அவனை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அம்மா அழவில்லை. "சனிக்கெழம இரும்பு, சனிக்கெழம இரும்பு" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவே இல்லை.

திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதே சாமானை இன்னொரு நாள் வாங்கினாலும் ஆகாது, வேறு சாமான்தான் வர வேண்டும். அதுவரைக்கும் பழையதையே மாட்டுங்கள். மாட்டிக்கொண்டு காரை ஓட்டாதீர்கள், ஜீப்பில் வாருங்கள். அத்தையிடம் சொன்னேன். "ஏத்தா, அந்தச் சாமிக்கு உன் புருசன் காரைப் பாக்குறதத் தவிர வேற சோலி இல்லையா? வெளிச்சம் எரியிற வண்டியப் போய் அணைச்சுப் போடச் சொல்றியே" என்று திட்டினாக. திட்டட்டும். அவுக அண்ணனைப் பறிகொடுத்தவுக இல்லை.

சிரிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹேமாவதி

*

எஸ்டேட் ஸ்டோர்
13.11.2025, வியாழன்

ஹேமாவுக்கு,

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். லைட் இல்லை என்று பயந்தாய், லைட் வந்தது. இப்போது லைட் வந்த கிழமை சரியில்லை என்று பயப்படுகிறாய். நாளைக்கு ரோடு போட்ட கிழமை சரியில்லை என்பாய், மலை முளைத்த கிழமை சரியில்லை என்பாய். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஆனாலும் உன் அண்ணனைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தக் கை நடுக்கத்தையும் பார்த்தேன். அதனால் நேற்று மறுபடி லீவு போட்டு, மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, தேனி போனேன்.

வைகுண்டராஜ் அண்ணாச்சி சர்ச்சுக்குப் போகிறவர். விஷயத்தைச் சொன்னதும் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "குச்சனூர்ப் பக்கத்து ஆளுக சனிக்கெழம என் கடப் படி ஏற மாட்டாக தம்பி. நீங்க வந்தப்பவே கேக்கணும்னு நெனச்சேன், யாவாரம் போயிருமேன்னு வாய மூடிக்கிட்டேன்" என்றார். ஒன்று சொன்னார் பார். "வீட்டம்மாவுக்குத் தேதிதானே தம்பி பிரச்சன? இதே சாமான் வண்டியிலயே இருக்கட்டும். திங்கக்கெழம தேதி போட்டு வேற பில்லு எழுதித் தர்றேன். காட்டிட்டு நிம்மதியா இருங்க."

பேனாவைத் திறந்தே விட்டார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷ வேலை. ஆனால் எழுத்தில் பொய் கூடாது என்று உன்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன்.

புதுசைக் கழற்றி அவரிடமே கொடுத்தாயிற்று. பழையது வண்டியில் ஏறிவிட்டது. வேறு பீஸ் மதுரையிலிருந்து திங்கட்கிழமை வருகிறது. கழற்றி மாட்டின கூலி தண்டம், அதை நீ கேட்காதே. பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றித்தான் மேலே கொண்டுவந்தேன், அதுவும் பகலில். இனி திங்கட்கிழமை வரைக்கும் வெள்ளச்சி ஸ்டோர் வாசலிலேயே படுத்துக் கிடப்பாள். சனிக்கிழமை சின்னக்கருப்பு மாமா ஜீப்பில் வருகிறேன். நீ கேட்டபடி எல்லாம் செய்துவிட்டேன். போதுமா?

அந்தப் பில்லையும் பதிலோடு திருப்பி அனுப்பு. அண்ணாச்சி கேட்டார்.

சுரேஷ்கண்ணன்

*

குச்சனூர்
14.11.2025, வெள்ளி, விடியக்காலை

கயல் அப்பா,

ஜீப் தெருமுனையில் நிற்கிறது, இரண்டே வரி. உங்கள் கடிதத்தை நேற்றுச் சாயங்காலம் படித்தேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். உங்களை இந்தப் பாடு படுத்துகிறேனே என்று அழுகையும் வந்தது. நாளைக்கு வாருங்கள், உங்களுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு... ஐயோ, சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வைக்கிறேன். பில் இதோடு இருக்கிறது. கயலுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது, பயப்படாதீர்கள், நானே பயப்படவில்லை.

ஹேமா

*

தேனி பெரியாஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு
16.11.2025, ஞாயிறு

கயல் அப்பாவுக்கு,

அத்தையிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் மாடியில் எலும்பு வார்டில், நான் கீழே. நடுவில் ஒரு மாடிப்படிதான். நேற்று மூன்று தடவை படி ஏறினேன். வார்டு வாசல் வரைக்கும் வந்தேன். உள்ளே நீங்கள் வலியில் முனகுகிற சத்தம் கேட்டது. திரும்பி ஓடிவந்துவிட்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு உங்கள் முன்னால் நிற்பேன்?

கயலுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. டெங்கு இல்லையாம். இன்றைக்கு இட்லி கேட்டாள். முதலில் இதைத்தான் எழுத வேண்டும் என்று அத்தை சொன்னாக.

வெள்ளிக்கிழமை பொழுது மசங்குகிற நேரத்தில் அவளுக்கு வெட்டி இழுத்தது. கண் மேலே சொருகிவிட்டது. நான் ஸ்டோர் போனுக்கு அடித்தேன். பேசவே மாட்டேன் என்றவள் அடித்தேன். என்ன சொன்னேன் என்றுகூட நினைவில்லை. "பிள்ளை போயிருவா, வாங்க" என்று கத்தியிருப்பேன். போனை வைத்ததும் பக்கத்து வீட்டுப் பவுனக்கா மகன் ஆட்டோவை எடுத்துவிட்டான். சின்னமனூரிலேயே ஊசி போட்டு, அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். உங்களை வரச்சொல்லியே இருக்க வேண்டாம். ஆட்டோவே போதுமாக இருந்தது. ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான், ஆள் ஏற்றுகிற ஜீப்பெல்லாம் அந்த நேரத்துக்குக் கீழே வந்திருக்குமே, நீங்கள் எதில் வருவீர்கள் என்று தோன்றியது. திரும்ப ஸ்டோருக்கு அடித்தேன். "சுரேஷ் அப்பழே போயி" என்றார்கள். அப்போதே கிளம்பிவிட்டீர்களாம்.

அந்தப் புதுச் சாமான் இருந்திருந்தால் காரில் லைட் எரிந்திருக்கும். நான்தான் கழற்றச் சொன்னேன்.

எதற்கு நீங்கள் நான் சொன்னதைக் கேட்டீர்கள்? எப்போதும் போலச் சிரித்து மழுப்பியிருக்கலாமே. அண்ணாச்சி பேனாவைத் திறந்தாரே, ஒரு பொய்த் தேதியை எழுதி வாங்கியிருக்கலாமே. நான் நம்பியிருப்பேன். நிம்மதியாகவும் இருந்திருப்பேன், உங்கள் காலும் ஒழுங்காக இருந்திருக்கும்.

நீங்கள் காரை விட்டு இறங்கி ரோட்டில் நின்றிருந்தீர்களாம், சின்னக்கருப்பு அண்ணன் வந்து சொன்னார். என் அண்ணன் மாதிரியே இறங்கி நின்றீர்களா? இருட்டில் அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.

உங்களுக்கு என்மேல் வெறுப்பு என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

ஹேமாவதி

*

எலும்பு வார்டு
17.11.2025, திங்கள்

ஹேமா,

வலது கை நன்றாகத்தான் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். கால் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். நடையில் கொஞ்சம் சாய்மானம் இருக்கலாமாம். பிள்ளை இட்லி கேட்டாள் என்று அம்மா சொன்னபோது எனக்கும் பசித்தது.

என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டாய். எழுத்தில் பொய் கூடாது. சொல்கிறேன்.

முதல் வளைவு தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. நின்றுவிடலாம் என்று ஒரு மனசு சொன்னது. உன் குரல் காதில் இருந்தது, நிறுத்தவில்லை. அன்றைக்கு மாதிரியே லைட் மஞ்சளானது, வைப்பர் படுத்தது, வெள்ளச்சி அடங்கிவிட்டாள். அதே வளைவா என்று தெரியவில்லை. பனியில் என் கையே எனக்குத் தெரியவில்லை. தள்ளி ஓரங்கட்டலாம் என்றால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஏறுகிற வண்டியோ இறங்குகிற வண்டியோ, எது வந்தாலும் காரில் மோதித் தானும் கீழே போகும். ஆள் ஏற்றின ஜீப் ஒன்று பிந்தி வந்தால்? இறங்கிப் பின்னால் நடந்து போய்ச் செல் லைட்டைக் காட்டிக்கொண்டு நின்றேன். பைக்கில் வந்த ஒருவர் பார்த்து ஒதுங்கிப் போனார். கீழே போய் ஆள் அனுப்புகிறேன் என்றார். அதற்குள் செல்லும் அணைந்துவிட்டது.

ஹேமா, அப்போது நான் பயந்தேன். இத்தனை வருஷம் நீ சொல்லிக்கொண்டிருந்தது என்னவென்று அங்கேதான் தெரிந்தது. உன் அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், எதற்கென்று தெரியவில்லை. ஓடிவிடலாம் என்று நினைத்தேன். கால் ஓடவும் மாட்டேன் என்றது.

டேஷ்போர்டில் நீ கொடுத்த சூடம் இருந்தது. தடவி எடுத்தேன். ரோட்டு நடுவில் ஒரு கல்லை வைத்து, காற்றுக்கு அணைவாக அதன் பக்கத்தில் ஏற்றினேன். ஒவ்வொரு கட்டியாக வைத்தேன். மெட்டு ஏறி இறங்கும்போதெல்லாம் ஏற்றியதில் பாக்கெட்டில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. தூறலில் அதுவும் சுருங்கிக்கொண்டே வந்தது. எரிய வேறு என்ன இருக்கிறது என்று துழாவினேன். உன் கடிதங்கள் எல்லாம் டேஷ்போர்டிலேயே இருந்தன.

முதலில் பில்லைக் கொளுத்தினேன். அப்புறம் நீ முதலில் எழுதியது. அது நீளம், கொஞ்ச நேரம் நின்று எரிந்தது. அப்புறம் கும்ப ராசிக் கடிதம். கடைசியில் நடுங்கின எழுத்துக் கடிதம். அது எரிந்துகொண்டிருக்கும்போதுதான் மேலிருந்து லாரிச் சத்தம் கேட்டது.

அந்த லாரிக்காரர் நேற்று ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். தேவாரத்துக்காரர். பெரிய மனுஷன், என்னைப் பார்த்து அழுதார். "லைட்டு ஒண்ணும் தெரியல தம்பி. தூரத்துல சின்னதா நெருப்பு. யாரோ செத்த எடத்துல சூடம் ஏத்தி வச்சிருக்காகன்னு நெனச்சு, கும்பிட்டுட்டு மெதுவாப் போகலாம்னு பிரேக்க மிதிச்சேன். மிதிச்ச பெறகுதான் காரே தெரிஞ்சுச்சு" என்றார். அப்படியும் ஈர ரோட்டில் வழுக்கி வந்து காரை இடித்தார். கார் நகர்ந்து, ஓரமாக ஒதுங்கின என் காலைப் பாறையோடு வைத்து நசுக்கியது. அவர் மிதிக்காமல் வந்திருந்தால் நானும் காரும் கீழே போயிருப்போம். அவரும்தான்.

பொய்த் தேதி எழுதி வாங்கியிருக்கலாமே என்று கேட்டாய். அதுதான் புத்திசாலித்தனம். நீ சொன்னதைக் கேட்டதற்காக ரோட்டில் நின்றபோது உன்னைத் திட்டவும் செய்தேன், அசிங்கமாகத் திட்டினேன். மறைக்கவில்லை. ஆனால் நீ போனிலேயே பேசியிருந்தால் அன்றைக்குக் கொளுத்த என்னிடம் என்ன இருந்திருக்கும்? இதில் எது சரி, எது தப்பு என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. கணக்கெழுதிப் பிழைக்கிறவனுக்கே தெரியவில்லை.

இன்றைக்கு வைகுண்டராஜ் அண்ணாச்சி வந்தார். மதுரையிலிருந்து வந்த புதுச் சாமானை டப்பாவோடு கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார். பில்லில் இன்றைய தேதி, திங்கட்கிழமை. நல்ல நாள். மாட்டுவதற்குத்தான் வண்டி இல்லை. வெள்ளச்சி நசுங்கிப்போய்க் கம்பம் போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிறாள். அண்ணாச்சி பணத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, டப்பாவைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். உன் மெஷினுக்கு ஆச்சு.

ஒரு கடிதத்தை மட்டும் கொளுத்தவில்லை. வெள்ளிக்கிழமை நீ எழுதிய இரண்டு வரி. சட்டைப்பையில் இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுதியிருந்தாயே. எரிய அது ஒன்றுதான் பாக்கி. கையில் எடுத்துவிட்டேன், மனசு வரவில்லை.

எனக்கு இங்கே தூக்கம் வருவதில்லை. கண்ணை மூடினால் அந்த நெருப்பு சுருங்குகிறது. அம்மாவிடம் இதைச் சொல்ல முடியாது, நர்ஸிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன்னிடம்தான் சொல்ல முடியும். பயம் என்றால் என்னவென்று உனக்குத்தான் தெரியும்.

இனி எழுதி அனுப்பாதே. மாடிப்படி ஏறி உள்ளே வா. திட்டு, அழு, சும்மா உட்கார்ந்திரு, எது வேண்டுமானாலும் செய்.

ஒன்பது மணிக்கு இந்த வார்டில் லைட்டை அணைத்துவிடுகிறார்கள். அதற்குள் வந்துவிடு ஹேமா.

சுரேஷ்